ஏணியும் முகவரியும்: உயிர்ப் பாகுபாட்டுப் படிகளின் வரலாறு

இனம், குடும்பம், வகுப்பு, சாதி ஆகிய நான்கு சொற்களும் நம் வாழ்வில் அன்றாடம் வழங்குவன. அரசாங்கப் படிவம் நம் இனத்தைக் கேட்கிறது. மணம் பேச வருவோர் குடும்பத்தைக் கேட்கின்றனர். பிள்ளைகளைக் காண்போர் எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்கின்றனர். கேட்கலாகாது என்று அறிந்தும் சாதியைக் கேட்போர் இன்னும் நம்மிடையே இல்லாமல் இல்லை. இந்த நான்கு சொற்களுமே உயிர்நூலில் கலைச்சொற்களாகவும் நிற்கின்றன. ஒரே சொல் இரண்டு இடங்களில் வழங்கும்போது ஓரிடத்துப் பொருள் மற்றோரிடத்தில் கலந்துவிடுதல் இயல்பு. அக்கலப்பு எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்த கேடு யாது, வகுப்பறையில் அதை எவ்வாறு விலக்குவது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள்களை ஒழுங்குபடுத்த மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று ஏணி. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை மாணவர் ஏறிச் செல்வது ஏணி முறை. ஆறாம் ஆண்டில் இருப்பவன் ஐந்தாம் ஆண்டில் இல்லை. மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பவனை விஞ்சியவன். மற்றொன்று முகவரி. மெர்கோங் கோத்தா ஸ்டார் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் கெடாவில் உள்ளது. கெடா மலேசியாவில் உள்ளது. மெர்கோங்கில் இருப்பவர் அதே வேளையில் கெடாவிலும் இருக்கிறார், மலேசியாவிலும் இருக்கிறார். மெர்கோங்கில் வாழ்பவர் கூலிமில் வாழ்பவரைவிட உயர்ந்தவரும் அல்லர், தாழ்ந்தவரும் அல்லர். இரு முறைகளிலும் 'படி' என்ற சொல்லையே நாம் ஆள்கிறோம். ஆயினும் ஏணிப்படி உயர்வு தாழ்வைக் காட்டும். முகவரிப்படி உள்ளடக்கத்தைக் காட்டும். உயிர்ப் பாகுபாட்டின் நெடிய வரலாறு, ஏணியிலிருந்து முகவரிக்கு அறிஞர் உலகம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த வரலாறே ஆகும்.

மரபியலின் ஆறு படிகள்

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள உயிர்ப் பாகுபாடுகளுள் பழமையானது தொல்காப்பியத்தில் உள்ளது. பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியலில், உயிர்கள் அனைத்தும் புலனறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கப்பட்டுள்ளன. மெய்யால் மட்டும் அறிவன ஓரறிவுயிர். அதனோடு நாவும் உடையன ஈரறிவுயிர். மூக்குச் சேர்ந்தால் மூவறிவு. கண் சேர்ந்தால் நான்கறிவு. செவி சேர்ந்தால் ஐயறிவு. மனமும் சேர்ந்தால் ஆறறிவு. ஓரறிவுக்குப் புல்லும் மரமும், ஈரறிவுக்கு நந்தும் முரளும், மூவறிவுக்குச் சிதலும் எறும்பும், நான்கறிவுக்கு நண்டும் தும்பியும், ஐயறிவுக்கு மாவும் மாக்களும், ஆறறிவுக்கு மக்களும் எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு படியிலும் இவை போல்வன பிறவும் உள என்று ஆசிரியர் இடம்விட்டுச் செல்கிறார். பட்டியல் முடிந்துவிட்டது என்று அவர் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

புலன்கள் இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கூடும் என்ற கருத்து சமண நூல்களிலும் உண்டு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்னும் வரிசையை முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து புலன்களுக்குக் காட்டும். யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று வழக்காடுவதைவிட, இந்திய நிலப்பரப்பில் பலரும் உயிர்களை உற்றுநோக்கி ஒரே அளவுகோலைக் கையாண்டனர் என்று கொள்வது நமக்குப் போதும்.

இந்த முறையின் அருமை அதன் எளிமையில் உள்ளது. ஒரே பண்பை எடுத்துக்கொண்டு உலக உயிர்கள் எல்லாவற்றையும் அது அளக்கிறது. செடிகொடிகளையும் உணர்வுடைய உயிர்களாகக் கொண்டமை அதன் தனிச்சிறப்பு. தோட்டத்து வழியோரங்களில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு விளையாடும் பிள்ளைக்கு ஓரறிவு என்றால் என்ன என்று நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை.

எளிமையே அதன் எல்லையும் ஆகும். சிதல் என்பது கறையான். அதுவும் எறும்பும் ஒரே படியில் நிற்கின்றன. பால்மரத்தின் வேரையும் தண்டையும் அரிக்கும் கறையானைக் கண்டவர்கள், கூட்டமாக வாழ்வதிலும் புற்று எடுப்பதிலும் அது எறும்பை ஒத்திருப்பதை அறிவர். ஆனால் உறவு முறையில் எறும்பு தேனீக்கும் குளவிக்கும் நெருங்கியது. கறையானோ கரப்பான்பூச்சிக்கு நெருங்கியது. கறையானுக்கென்று முன்னர்த் தனியே வைத்திருந்த வரிசையைக் கலைத்து, அதைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே அடக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டில் மரபணுச் சான்றுடன் ஆய்வாளர் நிறுவினர். ஏணி முறை உறவினரைப் பிரித்து, உறவில்லாதவரை ஒரே படியில் நிறுத்திவிடும். இது தொல்காப்பியர்க்கு மட்டும் உரிய குறையன்று. ஒரே பண்பைக் கொண்டு அளக்கும் எல்லா முறைகளுக்கும் உரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஒருவரும் இதே இடத்தில் இடறியதைப் பின்னர்க் காண்போம்.

புல்லும் மரமும், நெல்லும் நாற்றும்

மரபியலின் மற்றொரு பகுதி ஏணியை விட்டு வேறு வழியில் செல்கிறது. ஓரறிவுயிர்களைப் புல் என்றும் மரம் என்றும் அது இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே வயிரம் உடையவை புல். அகத்தே வயிரம் உடையவை மரம். உரையாசிரியர்கள் தெங்கு, பனை, கமுகு, மூங்கில் ஆகியவற்றைப் புல்லில் சேர்ப்பர். வானளாவ நிற்கும் தென்னையைப் புல் என்பதா என்று மாணவர் வியப்பர். தோட்டத்தில் வெட்டிச் சாய்த்த செம்பனையின் அடித்தண்டைக் காட்டினால் வியப்பு நீங்கும். அதன் ஓரம் கடினமாகவும் நடு மென்மையாகவும் இருக்கும். வேம்பையோ புளியையோ வெட்டினால் நடுவில் வயிரம் பாய்ந்திருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிஞர் ஜான் ரே விதையிலைகளைக் கொண்டு ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பகுத்தார். தென்னையும் பனையும் மூங்கிலும் நெல்லும் லாலாங்கும் ஒருவித்திலை வகையைச் சேர்ந்தவை. வேம்பும் புளியும் தேக்கும் இருவித்திலை வகையைச் சேர்ந்தவை. தொல்காப்பியர் விதையிலையை எண்ணவில்லை. எனினும் அவர் கண்ட வயிர வேறுபாடு பெரும்பாலும் இதே எல்லையில் வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒருவித்திலைத் தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடந்து ஓரத்தில் நெருங்கி நிற்கும். இருவித்திலை மரமோ ஆண்டுதோறும் புதிய மரப்பகுதியை வெளிப்புறமாக வளர்த்துச் செல்ல, பழைய உட்பகுதி இறுகும். ஆதலின் உயிரின் உள்ளமைப்பைத் தொட்ட பண்பு ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லலாம். அதற்கு மேல் சென்று, மேலைநாட்டார் கண்டதை எல்லாம் முன்பே கண்டார் என்று முழங்குதல் வேண்டா. அகத்தும் புறத்தும் வயிரம் இல்லாத பப்பாளியை எதில் சேர்ப்பது என்ற கேள்வியே அம்முழக்கத்தை அடக்கிவிடும்.

இப்பாகுபாட்டில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. புல்லின் உறுப்புகளுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய பெயர்களும், மரத்தின் உறுப்புகளுக்கு இலை, தளிர், முறி, அரும்பு முதலிய பெயர்களும் உரியன என்று மரபியல் வரையறுக்கிறது. தென்னைக்கு ஓலை என்கிறோம். மாவுக்கு இலை என்கிறோம். கற்றவர் வகுத்த பாகுபாடு கல்லாதவர் நாவிலும் வாழ்கிறது.

இளமைப் பெயர்களிலும் இப்படியே. ஓரறிவுயிர்களின் இளமைக்குப் பிள்ளை, கன்று முதலிய பெயர்கள் பொருந்தும் என்று கூறிய ஆசிரியர், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்று விலக்குகிறார். இன்றும் தென்னம்பிள்ளை என்போம்; வாழைக்கன்று, மாங்கன்று என்போம். நெல்லுக்கு நாற்று என்றே கூறுவோம். கெடாவின் வயல்வெளிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளை எவனும் நெற்கன்று என்று சொல்லமாட்டான். நெல்லையும் புல்லையும் ஓரணியில் நிறுத்திய இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மக்கள் வழக்கில் பேரினமும் சிற்றினமும்

இலக்கண நூலுக்கு வெளியே, மக்கள் இட்ட பெயர்களிலேயே ஒரு முகவரி முறை ஒளிந்திருக்கிறது. நெல்லி, அரிநெல்லி, கீழாநெல்லி என்னும் பெயர்களை நோக்குக. 'நெல்லி' என்பது கூட்டத்தின் பெயர். முன்னே நிற்கும் அடைமொழி அக்கூட்டத்துள் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. நெல்லி பெரிய மரம். கீழாநெல்லி சாண் உயரத்துப் பூண்டு. இரண்டையும் உறவாக்க அளவைக் கடந்து நோக்கும் கண் வேண்டும். இலையடுக்கையும், இலையின் கீழே வரிசையாகத் தொங்கும் காயையும் கண்டவர் இப்பெயரை இட்டனர். இன்றைய தாவரநூலும் இம்மூன்றையும் பில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்து வந்துள்ளது.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூல், மலையாளக் கரையின் மரஞ்செடிகளைப் படங்களுடன் விளக்குவது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த இந்நூலுக்குச் செய்தி தந்தோருள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர். அவர் சாதிக் கட்டில் கீழே வைக்கப்பட்டிருந்த ஈழவ மரபினர். அவர் 1675-ல் எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அத்தொகுதியின் தொடக்கத்தில் தென்னையும் கமுகும் பனை வகைகளும் வருகின்றன. கரிம்பனை, குடைப்பனை என 'பனை' என்னும் பொதுப்பெயரும் அடைமொழியும் கூடிய பெயர்களை இந்நூலில் காண்கிறோம். நாம் இந்நாட்டில் செம்பனை என்று பெயர் படைத்ததும் இதே முறையில்தான். இருசொற்பெயர் முறையை உலக வழக்காக்கிய லின்னேயஸ், இந்நூலைப் பக்கந்தோறும் மேற்கோள் காட்டியவர். பிறப்பால் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவரின் அறிவு, உலகப் பாகுபாட்டுக்கு அடிக்கல்லுள் ஒன்றாயிற்று.

மக்கள் பெயர்கள் எல்லாம் உறவைச் சரியாகக் காட்டும் என்று கொள்ளலாகாது. சைக்கஸ் மரத்துக்கும் பனை என முடியும் பெயரை அந்நூல் தருகிறது. ஓலை போன்ற இலைமுடியே அதற்குக் காரணம். உண்மையில் சைக்கஸ் பூவாத் தாவரம். பனையோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை. லின்னேயசும் 1753-ல் அதைப் பனைகளோடேயே வைத்தார்.

லின்னேயஸ் அமைத்த ஐந்து படிகள்

சுவீடன் நாட்டவரான கார்ல் லின்னேயஸ் (1707–1778) 1735-ல் இயற்கை அமைப்பு என்னும் பொருள்படும் சிஸ்டமா நேச்சுரே நூலின் முதற்பதிப்பை வெளியிட்டார். அது பெரிய அளவுத் தாள்கள் சிலவே கொண்டது. உலகம், வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என ஐந்து படிகளை அவர் அமைத்தார். 1753-ல் தாவரங்களுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் இருசொற்பெயர் முறை நிலைபெற்றது. இவ்விரு ஆண்டுகளையே இன்றும் அறிவியற்பெயர்களின் தொடக்க எல்லையாகக் கொள்கின்றனர்.

இப்படிகளை விளக்க 1751-ல் வெளியிட்ட பிலாசபியா பொட்டானிக்கா என்னும் நூலில் அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று நாட்டுப் பிரிவு: நாடு, மாகாணம், வட்டாரம், பங்கு, சிற்றூர். மற்றொன்று படைப்பிரிவு: பெரும்படை முதல் தனி வீரன் வரை. ஆக, இப்படிகள் முகவரிப் படிகள் என்பதைப் படைத்தவரே தெளிவாக்கியுள்ளார்.

ஈண்டு இன்னொரு வேறுபாட்டையும் ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் என்பது பதவி; அப்பதவியில் இருப்பவர் ஓர் ஆள். அதுபோலவே குடும்பம் என்பது படியின் பெயர். புல் குடும்பம் என்பது அப்படியில் அமர்ந்திருக்கும் ஓர் உயிர்க்கூட்டம். ஆள் மாறினாலும் பதவி இருக்கும். அதே ஆள் வேறு பதவிக்கும் செல்லக்கூடும். உயிர்க்கூட்டங்களும் அவ்வாறே ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு மாற்றப்படுவதுண்டு.

லின்னேயசின் படிகள் நல்ல பெட்டிகள். அவற்றுள் தாவரங்களை இட அவர் கொண்ட அளவுகோல்தான் குறுகியது. மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு 24 வகுப்புகளை அமைத்தார். பெரும்பாலான புற்களுக்குக் கேசரம் மூன்று, நெல்லுக்கு ஆறு. ஆதலின் நெல் தன் உறவினரை விட்டுப் பிரிந்து, ஆறு கேசர வகுப்பில் தனியே சென்று நின்றது. பனை வகைகள் அந்த அமைப்புக்குள் சரியாக அடங்காமல் நூலின் பின்னிணைப்புக்குச் சென்றன. ஒரே பண்பு என்னும் குறை இங்கும் தன் வேலையைக் காட்டிற்று. நாற்றங்காலில் நின்று நெல்லையும் புல்லையும் ஓரணியில் வைத்த நம் வழக்கு, இந்த ஓரிடத்தில் அந்தப் பேரறிஞரின் எண்ணிக்கையைவிட உண்மைக்கு அருகில் இருந்தது. இன்று நெல், கரும்பு, மூங்கில், லாலாங் யாவும் போயேசியே என்னும் புல் குடும்பத்தில் ஒன்றாக உள்ளன.

தம் அமைப்பு செயற்கையானது, இயற்கையான அமைப்பு இனித்தான் காணப்பட வேண்டும் என்று லின்னேயசே ஒப்புக்கொண்டார். முதற்பதிப்பில் மீன்களோடு வைத்த திமிங்கிலத்தை 1758-ல் பாலூட்டிகளுள் சேர்த்தார். பெட்டியை மாற்ற அஞ்சாத மனப்பான்மை அவரிடம் இருந்தது.

அவருடைய மாணவர் கேனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். தமிழகத்துச் செடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் சயாமுக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் பயணம் செய்தார். நம் சமையலில் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் உள்ள 'கேனிகீ' அவரைக் குறிப்பதே. 1771-ல் பெர்கெரா என்ற பேரினத்தில் லின்னேயஸ் அதை வைத்தார். 1825-ல் அது முர்ராயாவுக்கு மாற்றப்பட்டது. அண்மை ஆய்வாளர் சிலர் பெர்கெராவுக்கே அதைத் திருப்பியுள்ளனர். கறிவேப்பிலை என்ற தமிழ்ப் பெயருக்குள் வேம்பு இருக்கிறது. வேம்புக்கும் இதற்கும் உறவு உண்டா? குடும்பப் படியில் இல்லை. வேம்பு மீலியேசியே குடும்பம். கறிவேப்பிலை எலுமிச்சையோடு ரூட்டேசியே குடும்பம். ஒரு படி மேலே வரிசைக்குச் சென்றால் இரு குடும்பங்களும் சேப்பிண்டேல்ஸ் என்ற ஒரே வரிசைக்குள் இருக்கின்றன. மெர்கோங்காரும் கூலிமாரும் ஒரே ஊரார் அல்லர், ஒரே மாநிலத்தார். உறவு உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, எந்தப் படியில் உறவு என்று கேட்பதே பொருத்தம். படிகளால் நாம் பெறும் பெரும்பயன் இதுவே.

படிகளுக்குப் பின்னே கிளைகள்

குடும்பம் என்னும் படி தாவரநூலில் அடான்சன் 1763-லும் ஜூசியு 1789-லும் வெளியிட்ட நூல்களால் உறுதி பெற்றது. தொகுதி என்று நாம் வழங்கும் படிக்கான பெயரை எக்கல் 1866-ல் அமைத்தார். படியை அடையாளம் காட்டச் சொல்லின் இறுதியும் வரையறுக்கப்பட்டது. தாவரக் குடும்பப் பெயர் 'ஏசியே' என முடியும். விலங்குக் குடும்பப் பெயர் 'இடே' என முடியும். தோட்டத்துப் பால்மரமும் மரவள்ளியும் ஆமணக்கும் யூபோர்பியேசியே. தென்னையும் செம்பனையும் அரிகேசியே. இந்த அரிகேசியேயின் வேரான அரிக்கா, கமுகின் காயாகிய 'அடைக்காய்' என்னும் நம் தென்னாட்டுச் சொல்லே போர்ச்சுகீசியர் வாய்ப்பட்டு மாறியது.

பெட்டிக்குள் பெட்டியாக உயிர்கள் ஏன் இப்படி அடங்குகின்றன? லின்னேயஸ் இதைப் படைப்பின் ஒழுங்கு என்றார். விடையின் முதற்கீற்று நமக்கு அண்மையில் தோன்றியது. சரவாக்கில் தங்கியிருந்த வாலஸ், ஒவ்வொரு சிற்றினமும் தனக்கு நெருங்கிய முந்தைய சிற்றினத்தின் இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று 1855-ல் எழுதினார். கிளைக்கும் மரத்தை அதற்கு உவமை காட்டினார். 1859-ல் டார்வின் வெளியிட்ட நூலில் உள்ள ஒரே படமும் கிளைத்துச் செல்லும் கோடுகளின் படமே. ஒரு மூதாதையிலிருந்து கிளைத்தவை ஒரு கூட்டம். அக்கிளை மீண்டும் கிளைத்தால் கூட்டத்துள் கூட்டம். பெட்டிகளுக்குக் காரணம் வமிசாவளி. நுனிக்கிளை அடிக்கிளையைவிட உயர்ந்தது என்பது மரத்தில் இல்லை. இன்று வாழும் எறும்பும் புல்லும் மனிதனும் நுனிகளே.

இதன் பின் கிளைகளே இயற்கை, படிகள் மனித ஏற்பாடு என்பது தெளிவாயிற்று. கீழாநெல்லி பல காலம் யூபோர்பியேசியே குடும்பத்தில் இருந்தது. மரபணு ஆய்வுக்குப் பின் பில்லாந்தேசியே என்ற தனிக்குடும்பத்துக்குச் சென்றது. பூண்டில் ஓர் இலையும் மாறவில்லை. காளானைத் தாவரம் என்றே நாம் படித்தோம். 1969-ல் விட்டேக்கர் அதற்குத் தனி உலகம் அளித்தார். பிந்திய ஆய்வுகள் காளான் தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கியது என்று காட்டின. 1990-ல் உவோசு முதலியோர் உலகத்துக்கும் மேலே இன்னொரு படியை அமைத்து, உயிர்களை மூன்று பெரும் பிரிவாக்கினர். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு வயதிலோ அளவிலோ ஈடானது என்று கொள்ளவும் இடமில்லை.

மனித ஏற்பாடுதானே என்று படியைப் புறக்கணிக்கவும் முடியாது. நம் நாட்டுப் புலியே சான்று. தீபகற்பப் புலி தனித் துணையினம் என்று 2004-ல் அறிவிக்கப்பட்டது. 2017-ல் வேறொரு வல்லுநர் குழு ஆசியப் பெருநிலப் புலிகள் யாவும் ஒரே துணையினம் என்றது. 2018-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, பிரிப்பதே சரி என்றது. காட்டில் உள்ள புலிக்கு இவ்வழக்குத் தெரியாது. ஆனால் அதைக் காக்கும் திட்டமும் பொருளுதவியும் அது எந்தப் படியில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கின்றன.

கலைச்சொல்லில் ஒட்டிய கறை

இப்படிகளைத் தமிழில் சொல்ல இரண்டு வழக்குகள் தோன்றின. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உலகம், தொகுதி, வகுப்பு, துறை அல்லது வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற பெயர்கள் வழங்கின. இலங்கைப் பாடநூல்களில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற பெயர்கள் வழங்கின. வருணத்துக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் சாதி, சாதிக்குள் இனம் என்று படிக்கும் மாணவன் மனத்தில் எத்தகைய நிழல் விழும்! சொல்லைத் தேர்ந்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று யாம் கூறவில்லை. சாதி என்பதற்கு வகை என்ற பழம்பொருளும் உண்டு. இலத்தீன் சொற்களும் சமுதாயத்திலிருந்து வந்தனவே. 'கிளாசிஸ்' என்பது உரோமர் குடிமக்களைச் சொத்தளவால் பிரித்த பிரிவு. 'ஓர்தோ' என்பது அவர்தம் சமூக நிலை. 'ஃபமிலியா' அடிமைகளும் அடங்கிய இல்லம். மனிதர் தம் சமுதாயத்தின் ஏணியிலிருந்து சொற்களை எடுத்து, இயற்கையின் முகவரிக்கு ஒட்டினர். ஒட்டியபோது ஏணியின் கறையும் உடன் வந்தது.

கறை அங்கேயே நிற்கவில்லை. மனிதனிடமே திரும்பி வந்தது. லின்னேயஸ் மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். அது துணிவான செயல். ஆனால் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதச் சிற்றினத்தைக் கண்டத்தாலும் நிறத்தாலும் நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தையும் ஏற்றி எழுதினார். எல்லா மனிதரும் ஒரே சிற்றினம் என்று வலியுறுத்திய புளூமன்பாக், 1795-ல் ஐந்து வகைகளைக் கூறினார். அவற்றுள் ஒன்றுக்கு மலாய் என்று பெயரிட்டார். பின்வந்தோர் இப்பெயர்களை ஏணியில் அடுக்கினர். ஒரு சிலரை மேலேற்றவும் பலரை அடிமைகொள்ளவும் விஞ்ஞானம் சான்று தருகிறது என்று கூறினர்.

நம் பழைய ஏணியும் இக்குற்றத்துக்கு முற்றிலும் புறம்பானதன்று. ஐயறிவுப் படியில் விலங்கோடு மாக்களையும் மரபியல் வைக்கிறது. மனவுணர்வு குன்றிய மாந்தரே மாக்கள் என்பது உரை வழக்கு. அதே இயலின் பிற்பகுதியில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்னும் நால்வகைப் பாகுபாடும் வருகிறது. அதனை இடைச்செருகல் என்று கருதும் அறிஞர் உளர். எவ்வாறாயினும், உயிர்களைப் பகுத்த இயலிலேயே மனிதரைப் பகுத்ததும் இடம்பெற்றதால், இரண்டும் ஒரே தன்மையின என்று மயங்க வழி உண்டாயிற்று.

இவை ஒரே தன்மையின அல்ல. உலகில் இன்று வாழும் மனிதர் அனைவரும் ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் ஒரே சிற்றினம். அதற்குக் கீழே பெட்டி எதுவும் இல்லை. யுனெஸ்கோ அமைப்பு 1950-ல் அறிஞர் குழுவின் வாயிலாக மனித குலத்தின் ஒருமையை அறிவித்தது. 1972-ல் லெவொண்டின் கணக்கிட்டபடி, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. அதாவது, ஒரே லயத்தில் வாழும் இரு குடும்பத்தாரிடையேயும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியைக் காணலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

நம் நாட்டில் 'இனம்' என்ற சொல் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பிரிவுகளைக் குறிக்க வேரூன்றிவிட்டது. அது வரலாறும் மொழியும் அரசியலும் அமைத்த பிரிவு. உயிர்நூல் படிக்கும் பிள்ளை அதே சொல்லைப் புலி இனம், யானை இனம் என்று கேட்கும்போது, மலாய்க்காரத் தோழனும் தானும் புலியும் யானையும் போல வேறானவர் என்று எண்ணக்கூடும். அந்த எண்ணம் வளர விடுவது ஆசிரியப் பணிக்கு ஒவ்வாது.

ஆதலின் மூன்று நடைமுறைகளை ஆசிரியர்முன் வைக்கிறோம். முதலாவது, உயிர்நூலில் பேரினம், சிற்றினம் என்ற சொற்களையே ஆளுதல். வருணம், சாதி என்பவற்றைப் பழைய நூல்களைப் படிக்கும்போது மட்டும் விளக்குதல். இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் 'கெனுஸ்', 'ஸ்பெசியஸ்' என்று பிள்ளைகள் கேட்கப்போகும் சொற்களுக்கு இவை நேராகப் பொருந்தும். இரண்டாவது, மரபியலைக் கற்பிக்கும்போது அதன் ஏணியையும் அதன் புல் மரப் பாகுபாட்டையும் தனித்தனியே காட்டுதல். முன்னது புலனறிவின் அளவுகோல். பின்னது உறவுக்கு நெருங்கிச் சென்ற நோக்கு. இரண்டையும் போற்றலாம், இரண்டையும் ஒன்றாக்கலாகாது. மூன்றாவது, பள்ளி வளாகத்திலேயே பத்துச் செடிகளுக்கு முகவரி எழுதச் செய்தல். கீழாநெல்லி, கறிவேப்பிலை, லாலாங், தென்னை, மரவள்ளி ஆகியவை எங்கும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சிற்றினம் முதல் உலகம் வரை எழுதி, எந்த இரண்டு எந்தப் படியில் சந்திக்கின்றன என்று பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.

அப்பட்டியலின் இறுதியில் மாணவன் தன் முகவரியையும் எழுத வேண்டும். சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என ஏழு வரிகள். பக்கத்து இருக்கையில் இருப்பவன் எழுதியதும், பக்கத்துச் சீனப்பள்ளியிலும் மலாய்ப்பள்ளியிலும் இருப்பவர்கள் எழுதக்கூடியதும், முதல் வரி முதல் ஏழாம் வரி வரை ஓரெழுத்தும் வேறுபடாமல் ஒன்றாகவே இருக்கும்.